பொன்னிக்கு யாரும் சோறு போடாதீங்க

என் நோயை முதலில் எல்லோரும் மெச்சினார்கள். நோன்புப் பெருநாளன்று தெருவே நெய்ச்சோறும் கறியுமாக மணந்துகொண்டிருந்தபோது நான் இரண்டு வாயோடு எழுந்துவிட்டேன். மறுநாளிலிருந்து ஆறு நோன்பு. அது முடிந்ததும் களா நோன்பு. மாதவிலக்கில் விட்டுப்போன நாட்களுக்கு ஈடாகப் பெண்கள் பிறகு வைப்பது. அதுவும் தீர்ந்த பிறகு திங்கள், வியாழன் என்று ஆரம்பித்தேன். அப்புறம் என்ன கிழமை, என்ன கணக்கு என்று யாரும் கேட்கவில்லை. "மைமூனைப் பாருங்கடி, இந்த வயசுல என்னா பேணுதல்!" என்று பக்கத்து வீடுகளில் தங்கள் பெண்களைத் திட்டினார்கள். உம்மாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அப்போது எனக்குப் பதினாலு வயது. மணமேல்குடிக்குப் பக்கத்தில் கடலோர ஊர். வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தார்; இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தரம் பெட்டியும் சென்ட்டுமாக வந்து, நாங்கள் அவருக்குப் பழகுவதற்குள் கப்பலேறிவிடுவார். வீட்டில் உம்மாவும் நானும்தான். வெளிக்காரியங்களை உம்மாவின் தம்பி, என் மாமா, பார்த்துக்கொண்டார்.

எனக்கே இரண்டு பிள்ளைகள் ஆன பிறகு இதையெல்லாம் எழுத ஒரு காரணம் உண்டு. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், "எம் பொண்ணு வாரத்துல பாதி நாளு நோம்புதான்" என்று ஒரு தாய் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. தாயைத் தனியாகக் கூப்பிட்டு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கண் வைக்க வந்தவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள். எழுதி வைத்தால் வேறு யாராவது ஒரு தாய் படிக்கட்டும்.

நான் வைத்த நோன்பில் பக்தி இல்லாமல் இல்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் வேறொன்றும் இருந்தது. நான் பெரிய மனுஷியானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். வாசல் பக்கம் வரக் கூடாது. வீட்டுக்கு வருகிற பெண்களெல்லாம் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நல்லா சதை போட்டுட்டா, இனிமே மாப்பிள்ளை பாக்கவேண்டியதுதான்" என்றார்கள். ஒருத்தி சந்தையில் ஆட்டைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி என் கையைப் பிடித்தே பார்த்தாள். அந்தச் சதைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எனக்குப் பட்டது. நோன்பில் அது கரைந்தது. கரையக் கரைய மாதவிலக்கும் நின்றுபோனது. யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். மறுபடியும் சின்னப் பிள்ளையாகிவிட்டேன், இனி பள்ளிக்கூடம் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

உம்மாவுக்கு விஷயம் விளங்கியது ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு எண்ணெய் தேய்த்தபோது. கை நிறைய முடி வந்தது. முதுகெலும்பு விரலில் தட்டியது. "போதும்டி நோம்பு, விடு" என்றாள். விட்டேன். ஆனால் சோறு இறங்கவில்லை. எங்கள் ஊரில் விசேஷம் என்றால் ஒரே சகனில், அதாவது ஒரே பெரிய தாம்பாளத்தில், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். யார் எவ்வளவு தின்றார்கள் என்று யாருக்கும் தெரியாது. என் மாதிரி ஆளுக்கு அது பெரிய வசதி. வீட்டில் உம்மாவும் நானும் ஒரே தட்டில்தான் சாப்பிடுவோம், அங்கேயும் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பள்ளிவாசல் அசரத்து ஓதி ஊதிய தண்ணீர் குடித்தேன். கழுத்தில் தாயத்து மாதிரி ஒரு தாவீஸ் ஏறியது. தர்காவில் போய் உட்கார வைத்தார்கள். எதுவும் ஆகவில்லை. அறந்தாங்கி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, "டி.பி.யா இருக்கலாம்" என்றார். அந்தக் காலத்தில் டி.பி. என்றால் வீட்டில் பாதிச் சாவு விழுந்த மாதிரி. தட்டு, குவளை எல்லாம் தனியாக வையுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். உம்மா கேட்கவில்லை. "எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது" என்று சொல்லி, முன்னைவிட நெருங்கி உட்கார்ந்து என் தட்டிலேயே சாப்பிட்டாள். அப்படிப்பட்டவள்தான் உம்மா. பின்னால் நான் எழுதப்போகிறதை வைத்து அவளை எடைபோடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் மாமா வாடகைக் கார் பிடித்தார். அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி என்பது போதும். அங்கே பிழைத்தவர்கள் ஏராளம், நானும் ஒருத்தி.

முதல் நாள் முழுக்கக் கூடத்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். பினாயில் வாசனை, பிள்ளைகள் அழுகை, ஒவ்வொரு தரம் கதவு திறக்கும்போதும் எல்லோரும் ஒன்றாக நிமிர்ந்து பார்ப்பது. உம்மா வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு என் கையைப் பிடித்தபடி இருந்தாள். எனக்கு எலும்பு குத்துமென்று மாமா தன் தோள் துண்டை மடித்து பெஞ்சியில் போட்டு, அதன்மேல் என்னை உட்காரச் சொன்னார். அன்று முழுக்க அவர் துண்டில்லாமல், வெறுந்தோளைத் தடவிக்கொண்டே நின்றார்.

அடுத்து சோதனைகள். டி.பி. இருக்கிறதா என்று நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். சளி, இரத்தம் எல்லாம் பார்த்தார்கள். குடலில் புழு இருக்கிறதா என்று பார்த்தார்கள். பேரியம் என்று வெள்ளையாக ஒரு சுண்ணாம்புக் கஞ்சியைக் குடிக்க வைத்தார்கள். அது இறங்குகிற வழி எக்ஸ்ரேயில் தெரியுமாம், எங்கேயாவது அடைப்பு இருந்தால் காட்டிக்கொடுக்குமாம். பல மாதத்தில் நான் வயிறார உட்கொண்டது அந்தச் சுண்ணாம்பைத்தான். ஒரு சோதனையிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. ஒன்றுமில்லை என்றால் சந்தோஷப்படத்தானே வேண்டும்? உம்மா அழுதாள். இருக்கிற நோய்க்கு மருந்து இருக்கும், இல்லாத நோய்க்கு எங்கே போவது என்று கேட்டாள்.

டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும், ஒல்லி, சத்தமாகப் பேச மாட்டார். உம்மாவையும் மாமாவையும் வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் நெடுநேரம் பேசினார். பிறகு அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "இதுக்கு அனோரெக்ஸியா நெர்வோசான்னு பேரும்மா. வயித்துல கோளாறு இல்ல. மனசு சாப்பாட்டைத் தடுக்குது."

"மனசா? அப்ப அடம் புடிக்கிறாளா?" என்றாள் உம்மா.

"அடம் இல்லம்மா. விட்டுடணும்னு அவ நினைச்சாலும் அது விடாது."

அந்தப் பெயருக்குப் பசியின்மை என்று பொருளாம். பெயர் வைத்தவர் ஒரு நாளும் பட்டினி கிடந்திருக்க மாட்டார். எனக்குப் பசி இருந்தது. எந்த வீட்டில் என்ன மீன் பொரிகிறது என்று படுத்தபடியே சொல்லிவிடுவேன். சோற்றைக் கண்டால் பயம், அவ்வளவுதான். ஒரு கவளம் விழுங்கினால் அந்தப் பெண்கள் எல்லோரும் திரும்பி வந்து என்னைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்கிற மாதிரி ஒரு பயம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார், என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "உடம்புக்குச் சாப்பாடு வராட்டா அது தன்னோட சதையைத் தானே திங்கும். கை, காலு, தொடைன்னு தின்னுக்கிட்டே வரும். இதயமும் ஒரு சதைதான் மைமூன். இப்பவே உன் நாடி ரொம்ப மெதுவா ஓடுது." எனக்குச் சாகப் பயமில்லை என்று நினைத்திருந்தேன். அன்று பயந்தேன். பயந்தும் சாப்பிட முடியவில்லை என்பதுதான் அந்த நோய்.

அதனால் குழாய் வந்தது. மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாயை விட்டு வயிறு வரை இறக்கி, பாலும் முட்டையும் அடித்து அதில் ஊற்றுவார்கள். இறக்கும்போது விழுங்கு விழுங்கு என்பார்கள். தொண்டை எரியும், கண்ணில் நீர் கொட்டும். வார்டு ஆயா அந்தோணியம்மா என் தலையைப் பிடித்துக்கொள்வாள், உம்மா காலைப் பிடித்துக்கொள்வாள். உம்மா யாசீன் ஓதிக்கொண்டே பிடித்திருப்பாள். நான் இரண்டு தரம் குழாயைப் பிடுங்கிப் போட்டேன். அப்புறம் கையையும் கட்டினார்கள்.

பில் கட்டுகிற நாளில் மாமா தனியாக வெளியே போய்வருவார். உம்மாவின் காதோரத்துத் தங்க அலுக்கத்து வளையங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், ஓட்டை மட்டும் தெரிய ஆரம்பித்தது. நான் கேட்டதற்கு, "கனமா இருந்துச்சு, கழட்டிட்டேன்" என்றாள்.

பொன்னியைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும். அது ஆஸ்பத்திரி வளவில் திரிந்த நாட்டு நாய், செம்மண் நிறம். குட்டி போட்டு, அத்தனையும் செத்துப்போய், பின்கட்டு வாதாமரத்தடியில் சோறு தண்ணி தொடாமல் கிடந்தது. டாக்டரம்மா படித்த இடத்தில் வயதான ஒரு வெள்ளைக்கார டாக்டர் தன் நாயைப் பிள்ளைகள் வார்டுக்குள் அழைத்துக்கொண்டு வருவாராம். மாதக்கணக்கில் பேசாதிருந்த ஒரு பிள்ளை அந்த நாயிடம் பேச ஆரம்பித்ததாம். "நாய் மருந்து இல்லம்மா" என்று உம்மாவிடம் சொன்னார். "மனுஷங்ககிட்ட மூடின வாயைச் சில பிள்ளைங்க அதுககிட்டத் திறக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். குழாயோட இதையும் பாத்துடலாமே."

"நாயா?" உம்மா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எங்களில் நாய் வீட்டுப் படி ஏறாது. அதன் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணைக் கரைத்து. மாமா ஊருக்குப் போய் அசரத்திடம் கேட்டு வந்தார். உசுரு காக்கிற வைத்தியம்தானே, கழுவிக்கொண்டால் போதும் என்று அவர் சொல்லிவிட்டார்.

முதலில் சும்மா பக்கத்தில் உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். மரத்தடியில் எனக்கு ஒரு எனாமல் தட்டு, அதற்கு ஒரு சட்டி. இரண்டு பேருமே தொடவில்லை. அதுவும் என்னிடம் சாப்பிடு என்று சொல்லவில்லை, நானும் அதனிடம் சொல்லவில்லை. இப்படிச் சில நாள் போனது. ஒரு மத்தியானம் அதன் முகத்தைப் பார்த்தேன். கண்ணோரம் ஈ மொய்த்தது, ஓட்டக்கூடத் தெம்பில்லை. குழந்தைக்குக் காட்டுவது போல, "இங்க பாரு" என்று ஒரு வாய் தயிர்ச்சோற்றை நான் வாயில் போட்டுக் காட்டினேன். பொன்னி எழுந்தது. தள்ளாடி வந்து சட்டியை நக்கியது. நான் இன்னொரு வாய் போட்டேன். அதுவும் இன்னொரு வாய் தின்றது. தூரத்தில் கிணற்றடியில் உட்கார்ந்திருந்த உம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அது நிஜமாக நடந்தது. அன்று அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு மத்தியானமும் சாயந்திரமும் எங்களுக்கு அதுதான் வேலை. எனக்கு ஒரு வாய், பொன்னிக்கு ஒரு பிடி. சாப்பிட்டதும் அது என் கையை நக்கும். உம்மா சிரட்டையில் மண்ணோடும் ஒரு வாளித் தண்ணீரோடும் தயாராக நிற்பாள். "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி எண்ணிக் கழுவுவாள். "ஆசுபத்திரிக் கெணத்துல பாதித் தண்ணி ஒன் கையிலதான்டி போகுது" என்பாள். நான் சிரிப்பேன். சிரிக்கிறாளென்று அந்தோணியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவாள். குழாயை எடுத்துவிட்டார்கள். நாடி கொஞ்சம் வேகம் பிடித்தது. நான் பிடிமானமில்லாமல் குளியலறை வரை நடந்தேன்.

நடுவில் சில நாள் பொன்னி சரியாக வரவில்லை. வராத நாளில் எனக்கும் இறங்காது. குழாயை மறுபடி கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்தார்கள். பிறகு அது தவறாமல் வர ஆரம்பித்தது. என்னைக் கண்டதும் ஓடிவரும், என் தட்டையே பார்க்கும், முதல் கவளத்தை நான் விழுங்குகிற வரை நடுங்கிக்கொண்டு நிற்கும். "நீ சாப்பிட்டாத்தான் அது சாப்பிடுது தாயி. வேற ஆரு வெச்சாலும் மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது" என்று அந்தோணியம்மா சொன்னாள். உம்மாவும் அதையே சொன்னாள். டாக்டரம்மாவிடம் கேட்டேன், "ஆமா" என்றார்.

நம்பினேன். அதை எப்படிச் சொல்வது? நான் பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் ஒரு பாரம். இப்போது ஓர் உயிர் என்னை நம்பிச் சாப்பிடுகிறது. என்னை யாரும் பிடித்துப் பார்க்காமல், மாப்பிள்ளை பார்க்காமல், இவள் வேண்டுமென்று ஓடிவருகிற ஓர் உயிர். ராத்திரியெல்லாம் அதை நினைத்துக்கொண்டு தூங்குவேன். ஆனாலும் பொன்னி தேறவில்லை. விலா எலும்பு நாளுக்கு நாள் துருத்தியது. "ஏன் டாக்டரம்மா?" என்று கேட்டால், "குட்டி போன துக்கம், போகப் போகச் சரியாயிடும்" என்று என் நாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதற்கு நிறையக் கிடைக்க வேண்டுமென்று நான் நிறையச் சாப்பிட்டேன். ஒரு வாய்க்கு ஒரு பிடி அல்லவா? இன்னொரு கரண்டி போடுங்க என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். உம்மா அன்று இரண்டு ரக்காத் நன்றித் தொழுகை தொழுதாள்.

ஒரு முற்பகலில் குளித்துவிட்டு வந்தேன். குளியலறைச் சன்னல் சமையற்கட்டுப் பின்புறத்தைப் பார்த்து இருக்கும். எச்சில் இலை போடுகிற குழிக்குப் பக்கத்தில் உம்மா நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு குச்சி. நாயைக் கண்டால் பத்தடி தள்ளி நடக்கிறவள் அங்கே என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். பொன்னி கொஞ்ச தூரத்தில் வயிற்றைத் தரையோடு வைத்துப் படுத்து, குழியையே பார்த்துக்கொண்டிருந்தது. மகளுக்கு டைபாய்டு என்று முந்தின நாள் வந்து சேர்ந்த கந்தர்வக்கோட்டைக்காரி ஒருத்தி இலையோடு வந்தாள். மிச்சச் சோற்றைக் கூட்டி வழித்து நாய்க்கு எறிந்தாள். பொன்னி பாய்ந்து ஒரே வாயில் விழுங்கியது. இலையையும் சேர்த்துத் தின்றது.

உம்மா ஓடினாள். "போடாதீங்க! ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், பொன்னிக்கு யாரும் சோறு போடாதீங்க!"

"ஏன்த்தா, வாயில்லாச் சீவன், பசியில கெடக்குது. ஒரு வாய் தின்னுட்டுப் போகட்டுமே."

"அது பசியோட வந்தாத்தான் எம் புள்ள சாப்பிடும். சமையக்கட்டுல, வார்டுல, இங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க புதுசு, அதான் தெரியல."

சொல்லிவிட்டு உம்மா குச்சியை வீசினாள். பொன்னி கத்திக்கொண்டு மரத்தடிக்கு ஓடியது.

இங்க எல்லாருக்கும் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கம்பவுண்டருக்குத் தெரியும். தரை கூட்டுகிறவளுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் தினமும் "ஒன் நாயி வந்துருச்சு பாரு" என்று சிரித்தவளுக்குத் தெரியும். எனக்கும் பொன்னிக்கும் மட்டும் தெரியாது.

மத்தியானம் மரத்தடிக்குப் போனேன். பொன்னி ஓடிவந்து என் தட்டைப் பார்த்து நடுங்கியது. அது என்னைப் பார்க்கவில்லை, சோற்றைத்தான் பார்த்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டோடு தூக்கி அதன் முன்னால் வைத்தேன்.

"என்னடி செய்யிறே?" என்று உம்மா கிணற்றடியிலிருந்து கத்தினாள்.

"அதுக்குத்தான் பசி. எனக்கு இல்ல."

"மைமூனு..."

"சன்னல் வழியாப் பாத்தேன் உம்மா. குச்சியோட நின்னீங்க."

உம்மா மறைக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பொன்னி துக்கம் தீர்ந்து, எல்லோரும் போட்டதைத் தின்று, என்னிடம் வராமல் போன அந்தச் சில நாட்களில்தான் இதை முடிவு செய்தார்களாம். உம்மாதான் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டாளாம். அவர் முதலில் மாட்டேன் என்றாராம். குழாயை மறுபடி இறக்கினால் என் நெஞ்சு தாங்குமா என்று உம்மா கேட்டாளாம். அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லையாம்.

"பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பொம்பளை எங்க போனான்னு ஓதுற பள்ளியில சொல்லிக் குடுத்தாங்கள்ல, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றேன். நரகத்துக்குப் போனாள் என்பது எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

"தெரியும்" என்றாள் உம்மா. "தெரிஞ்சுதான் செஞ்சேன். நான் போறேன் நரகத்துக்கு. நீ சாப்புடு."

இதை ஊரில் சொன்னால் கேட்பவர்கள் கண்கலங்குகிறார்கள். தாய் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கவில்லை. எனக்குப் பாசம் பொங்கவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இனி நான் விழுங்குகிற ஒவ்வொரு வாயிலும் உம்மாவின் நரகமும் சேர்ந்தல்லவா இறங்க வேண்டும்? சாப்பிடவே பயந்து கிடந்தவளுக்கு இப்படியா ஒரு பாரத்தைக் கட்டுவது? எழுந்து வார்டுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சாயந்திரமும் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை.

டாக்டரம்மா வந்தார். ஆயா குழாய்த் தட்டோடு வெளியே நின்றாள்.

"நீங்களும் பொய்தான் சொன்னீங்க" என்றேன்.

"ஆமா" என்றார். "உண்மையைச் சொல்லியிருந்தா நீ சாப்பிட்டிருப்பியா?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் நாடியைப் பிடித்துப் பார்த்தார், முகம் மாறியது. நல்லதில்லை என்று எனக்கே தெரிந்தது. எழுந்திருந்தால் கண் இருட்டியது.

படுத்தபடி யோசித்தேன். இப்படியே செத்துப்போனால் என்ன சொல்வார்கள்? பார்த்தாயா, நாயைப் பட்டினி போட்ட வரைக்கும் பிள்ளை பிழைத்திருந்தது, அதை விட்டதும் போய்விட்டது, நாம் செய்ததுதான் சரி என்பார்கள். நான் செத்து அவர்களை நல்லவர்களாக்க வேண்டுமா? அதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. இத்தனை மாதத்தில் அந்த எரிச்சலில்தான் முதல் முறையாகச் சோறு வேண்டுமென்று எனக்குத் தோன்றியது.

உம்மாவையும் டாக்டரம்மாவையும் கூப்பிடச் சொன்னேன். "சாப்பிடுறேன். ஆனா பொன்னிக்கு மொதல்ல போடணும். எங் கண்ணு முன்னாடி. அது போதும்னு எந்திரிச்சுப் போற வரைக்கும் போடணும். தெனமும்."

"சரி" என்றார் டாக்டரம்மா.

"உம்மா, இனிமே என்னைச் சாப்டியான்னு நீங்க கேக்கக் கூடாது. நான் சாப்பிடுறப்ப பாக்கவும் கூடாது. எப்பவும்."

உம்மா என் முகத்தையே பார்த்தாள். "எப்பவுமா?" என்றாள்.

"எப்பவும்."

"சரி புள்ள" என்றாள்.

அன்று சாயந்திரம் மரத்தடியில் பொன்னிக்குச் சட்டி நிறையப் போட்டார்கள். மூன்று தரம் போட்டார்கள். வயிறு புடைக்கத் தின்றது. நான் என் தட்டோடு காத்திருந்தேன். வெளியே சொல்லாமல் ஓர் ஆசை வைத்திருந்தேன்: பசி தீர்ந்த பிறகும் அது என் பக்கத்தில் வந்து உட்காரும், அதுவாவது பொய்யில்லை என்றாகும். பொன்னி வாயை நக்கிக்கொண்டது. என் பக்கம் திரும்பாமல் சமையற்கட்டு நிழலுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டது. மறுநாளும் அப்படித்தான். அதன்மேல் எனக்குக் கோபமில்லை, பசித்த உயிர் அது. ஆனால் அழுதேன். உம்மா கிணற்றைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் தனியாகச் சாப்பிட்டேன். அந்தத் தட்டைக் காலி செய்ய வெகுநேரம் ஆயிற்று.

பிறகும் பல வாரம் அங்கே இருந்தேன். ஒரு வாய் இறங்கும், ஒரு வாய் இறங்காது. டாக்டரம்மா அதற்குப் பிறகு என்னிடம் எதையும் மறைக்கவில்லை. நாடி எத்தனை, எடை எத்தனை, எது நல்லது, எது ஆபத்து என்று நேருக்கு நேர் சொன்னார். படிக்கப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். ஊருக்குத் திரும்பும்போது மாமாவிடம் சண்டை போட்டு, நான் வீட்டிலேயே பாடம் படிக்க ஒத்துக்கொள்ள வைத்தவர் அவர்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. அந்த "ஆமா"வையும் நான் மறக்கவில்லை.

கல்யாணம் மெதுவாக, என்னைக் கேட்டு நடந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள். சாப்பாட்டின்மேல் அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை, சில நாட்களில் வந்து எட்டிப் பார்க்கும். தெரிந்த ஆள்தானே என்று உட்கார வைத்துவிட்டு நான் சாப்பிட்டுவிடுவேன். உம்மா தன் சொல்லைக் காப்பாற்றினாள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் வாங்க என்பதற்கு அடுத்த வார்த்தை சாப்டீங்களா என்பதுதான். உம்மா மருமகனைக் கேட்பாள், பேரப்பிள்ளைகளைக் கேட்பாள், மீன் கொண்டுவருகிறவளைக் கேட்பாள். என்னைக் கேட்க மாட்டாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவாள்.

போன வாரம் உம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. அறந்தாங்கியில் பஸ்ஸைத் தவறவிட்டு, வெயிலில் நின்று, அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கி மாட்டு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பகல் சாய்ந்துவிட்டது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நோன்பும் இல்லை, நோயும் இல்லை, நேரம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். உம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் வாய் திறந்தது, மூடியது.

"பஸ்ஸுல கூட்டமா?" என்று கேட்டாள்.

"ஆமா உம்மா."

என் பையைக் கொண்டுவந்து வைத்த வண்டிக்காரரை எட்டிப் பார்த்து, "தம்பி, நீங்க சாப்டீங்களா?" என்றாள்.

கேளுங்க உம்மா என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய் நானே போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். உம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.